உள்பக்கம் தைத்த காவித் துணி

உ
மயிலம் முருகன் துணை

மூலக்குளம்,
புதுச்சேரி.
கார்த்திகை 14

அன்பான கலைச்செல்வனுக்கு அத்தை பச்சையம்மாள் எழுதிக்கிறது. முருகன் புண்ணியத்துல நானும் மாமாவும் இங்க சொகமா இருக்கோம். நீயும் சங்கவியும் குழந்தையும் அங்க ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு ரெண்டு வேளையும் வெளக்கேத்தும்போது கேட்டுக்கிறேன்.

தெனம் வீடியோவுல பேசற அத்தை எதுக்கு இப்ப பேப்பர்ல எழுதறான்னு நெனைப்ப. மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாத விஷயம் ஒண்ணு இருக்குது கண்ணு. ஒரு வாரமா போன எடுத்து உன் பேர அமுக்கப் போவேன், அப்பிடியே கீழ வெச்சிடுவேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஊர் பள்ளிக்கூடத்துல படிச்சவ நான், எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்க. பார்சலத் தொறந்ததும் மேலாக ரெண்டு கையில்லாத கோட்டு இருக்கும், கண்ணு கூசற ஆரஞ்சுல. அத எடுத்து ஓரமா வெச்சிட்டு மொதல்ல இத முழுசாப் படி. கோவம் வந்தாலும் நடுவுல கிழிச்சுப் போட்றாத.

உன் காது விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

போன ரெண்டு வாரமா வீட்டுக்குள்ளயே கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு ஒருக்களிச்சு உக்காந்து பேசின. குளுரா கண்ணுன்னு கேட்டேன். ஹீட்டர் சரியா ஓடல அத்தைன்னு சொன்ன. துணியெல்லாம் எப்பிடிப்பா இருந்துச்சுன்னு கேட்டதுக்கு, அளவெடுத்த மாதிரி இருந்துச்சு அத்தை, எல்லாரும் எங்க தெச்சதுன்னு கேட்டாங்கன்னு சொன்ன. அத நம்பிக்கிட்டு நான் எதிர்வீட்டு ஆயம்மாகிட்ட பெருமை அடிச்சேன். பிரான்ஸ் தேசத்துல எங்க ரெட்டியார்பாளையம் பாய் தெச்ச துணிக்கு இருக்கிற மவுசப் பாருங்கன்னு சொன்னேன். கிருத்திகைக்குக் கோயில்ல அர்ச்சனை கூட உன் பேர்ல செஞ்சேன். இப்ப அத நெனைச்சா ஒடம்பு கூசுது.

போன வாரம் செவ்வாக்கிழமை சங்கவி போன் பண்ணா. நீ கடைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்துப் பண்ணியிருக்கா. அவ என்னத் திட்டல. சத்தம் போட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். சின்னப் புள்ளைக்குப் பாடம் சொல்றாப்ல நிதானமா சொன்னா. நீ எல்லார்கிட்டயும், தப்பு என் மேலதான், மலிவாக் கெடைக்குதேன்னு கண்ட துணியப் போட்டுட்டேன்னு சொல்லிட்டு இருக்கியாமே. இல்ல கலை. தப்பு உன்னுது இல்ல. அது எப்பிடி என் தப்புன்னு ஆதியிலேருந்து சொல்றேன், கேளு.

பொரட்டாசி மாசம் நீ போன் பண்ணப்ப உன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. மர ஆலைய மூடினதுக்கு அப்பறம் ரெண்டு வருஷமா உன் வாயிலேருந்து ஒரு முழு வார்த்தை வந்ததில்ல. ஜன்னல் திரைய இழுத்துவிட்டுட்டு உக்காந்திருக்கார் அத்தைன்னு சங்கவி சொல்லி அழுவா. அன்னிக்கு நீயா கூப்புட்டு, அத்தை, ஆலையில எனக்கு மேஸ்திரியா இருந்த முசே ழெரார் வீடு தேடி வந்தார், இந்த வருஷம் மான் வேட்டைக்கு நீ வந்தே ஆவணும்னு கதவத் தட்டிக் கூப்புடறார், நானும் வரேன்னு சொல்லிட்டேன்னு மூச்சு விடாம சொன்ன. வேட்டைய விட்டு ஆறு வருஷம் ஆச்சு அத்தை, பழைய துணி ஒண்ணும் இடுப்புல ஏறல, கோட்ட பூச்சி தின்னுடுச்சு, இங்க ஒரு கோட்டு விக்கற விலையில அங்க குடும்பத்துக்கே தீவாளித் துணி எடுத்துடலாம், நீங்கதான் தெச்சு அனுப்பணும்னு கேட்ட.

சரி கண்ணுன்னு வாய் சொல்லிடுச்சு. ஆனா மனசு ஒப்பல. உனக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு இருக்குது. நீ மொத மொத துப்பாக்கி வாங்கின வருஷமே, எங்க அண்ணன் புள்ள இந்தப் பாவத்த விட்டுடணும், விட்டுட்டா நடந்தே வந்து காவடி எடுக்கறேன்னு மயிலத்துக்கு வேண்டிக்கிட்டேன். குழந்தை பொறந்தப்ப நீயா நிறுத்தின. முருகன் என் சொல்லக் கேட்டாருன்னு நெனைச்சு அன்னியிலேருந்து வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் காவி கட்டி நடக்கிறேன். நீ மறுபடியும் போறேன்னதும், அவர் எனக்குக் குடுத்தத திருப்பி வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு.

மானுன்னா எனக்குக் குழந்தை மாதிரிப்பா. வள்ளியம்மா மான் வயித்துல பொறந்தவ. நான் சொன்னா நீ சிரிப்ப. அங்க மான் ஏகப்பட்டது, நட்டு வெச்ச மரக்கன்னெல்லாம் தின்னுடுது, இத்தனைதான் சுடலாம்னு கணக்குப் பண்ணித்தான் சுடறாங்கன்னு நீ அப்பவே வெளக்கம் சொன்ன. காதுல வாங்கினேன், மனசுல வாங்கல.

ஆனாலும் வேலைய ஏனோதானோன்னு செய்யல. நீ சொன்னதெல்லாம் காலண்டர் தாளோட பின்னாடி எழுதி வெச்சிருந்தேன். நடக்கும்போது கால்சட்டை சரசரன்னு சத்தம் போடக் கூடாது, மானுக்குக் கேட்டுடும். முட்டியில ரெட்டைத் துணி வெக்கணும். பாக்கெட்டு பெருசா இருக்கணும், மூடியில பட்டன்தான், ஒட்டிக்கிட்டுப் பிக்கற பட்டி வேணாம், அது பர்ருன்னு கத்தும். தூறல் தாங்கணும். பட்டாளத்து டிசைன் தேவையில்ல. கடைசியா, மேல போடற கோட்டும் தொப்பியும் கண்ணு கூசற ஆரஞ்சா இருக்கணும், அதுதான் அத்தை எல்லாத்த விட முக்கியம்னு ரெண்டு தடவ சொன்ன. அதுக்கு அடியில நானே கோடு போட்டு வெச்சிருக்கேன். இப்பவும் அந்தத் தாளு பூஜை அலமாரியில இருக்குது. தெனம் கண்ணுல படுது.

ஞாயித்துக்கிழமை சந்தைக்கு மூணு வாரம் அலைஞ்சோம். மாமா பட்டாளத்துக் கால்சட்டை ஒண்ணத் தூக்கிக் காட்டி, சொல்தா புள்ளைக்கு சொல்தா துணிதானே பொருத்தம்னு நின்னார். உங்க அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த பெருமை உங்க மாமாவுக்கு இன்னும் போவல. மழைக்கோட்டுத் துணி மலிவா இருந்துச்சு. காதுகிட்ட வெச்சுத் தேச்சுப் பாத்தேன், மொறுமொறுன்னு முறுக்கு உடைக்கிற சத்தம். கடைசியில தையக்கடை பக்ருதீன் பாய்தான் தட்டாஞ்சாவடியில ஏற்றுமதிக்குத் தெச்சு மிஞ்சின கெட்டிப் பருத்தித் துணியப் புடிச்சாரு. உள்ள பூனை முடி மாதிரி மெத்துனு இருந்துச்சு. உன் அளவு மாமாவுக்கு சரியா இருக்குதுன்னு, தெச்சு முடிச்ச கால்சட்டைய அவருக்கே போட்டுவிட்டு, கடைக்குள்ள நடங்க சாமின்னாரு பாய். கண்ண மூடிக்கிட்டு, நான்தான் மானு, எனக்கு எதுவும் கேக்கக் கூடாதுன்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்தாரு. துணி சத்தம் வரல, உங்க முட்டி சத்தம்தான் கேக்குதுன்னாரு. அன்னிக்கு அவ்ளோ சிரிச்சோம்.

அப்பறம் ஆரஞ்சுத் துணிய எடுத்து மேசையில விரிச்சாரு. ரோட்டு வேலை செய்யறவங்க போடறது, தட்டாஞ்சாவடி கம்பெனியிலேருந்து கேட்டு வாங்கியாந்தேன், மழையில போவாது, வெயில்ல போவாதுன்னாரு. எனக்கு அது ஆரஞ்சாவே தெரியல. காவியாத்தான் தெரிஞ்சுது. நான் காவடிக்குக் கட்டுற கலரப் போட்டுக்கிட்டு என் புள்ள வள்ளியம்மா குலத்த சுடறதான்னு தோணிடுச்சு. அன்னிக்கு சஷ்டி விரதம் வேற, வயித்துல ஒண்ணுமில்ல.

அந்த நிமிஷம் நான் பொய் சொன்னேன் கலை. பையன் காலையில போன் பண்ணான் பாய், ஆரஞ்சு வெளிய வேணாம், உள்பக்கம் வெச்சாப் போதும், வெளிய மண்ணு கலரே இருக்கட்டும்னு சொல்லிட்டான்னு சொன்னேன். பாய் கத்திரிய கீழ வெச்சாரு. நல்லாக் கேட்டீங்களாம்மா, கலர்தான் முக்கியம்னு நீங்களே எழுதியாந்து காட்டினீங்களேன்னாரு. ரெண்டாவது தடவையும் கேட்டாரு. எங்க அண்ணன் புள்ள பேச்சு எனக்குத் தெரியாதா பாய்னு மொறைச்சேன். மனுசன் மறுபடியும் கத்திரிய எடுத்துக்கிட்டாரு.

அதோட நிறுத்தினேனா. ரோட்டுத் துணி எதுக்கு, உள்பக்கம்தானேன்னு, வீட்டுக்கு வந்து பொட்டியத் தொறந்து பங்குனிக்கு நான் கட்டின காவித் துணிய எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். முருகன் சன்னதியில வெச்சு எடுத்த துணி உன் நெஞ்சுல பட்டா மனசு எளகிடும்னு ஒரு நெனைப்பு. கோட்டுக்கும் தொப்பிக்கும் உள்ள அதத்தான் தெச்சாரு பாய். கலருக்குக் கலர் ஆச்சு, சாமிக்கு சாமி ஆச்சு, துணிக் காசும் மிச்சம்னு என் கெட்டிக்காரத்தனத்த நானே மெச்சிக்கிட்டு வந்தேன். கோட்டோட உள்ளோரத்துல ஒரு தையலப் பிரிச்சு, விபூதிப் பொட்டலத்தையும் ஒரு சின்னத் தாளையும் வெச்சு என் கையால மூடித் தெச்சேன். உங்கிட்ட போன்ல, எல்லாம் நீ சொன்ன மாதிரியே செஞ்சாச்சுன்னு சொன்னேன். கூசாம சொன்னேன்.

அங்க நடந்தது உனக்குத் தெரியும். ஆனா சங்கவி சொன்னத நான் எழுதினாத்தான் எனக்கு எல்லாம் தெரியும்னு நீ நம்புவ. இனிமே எங்கிட்ட மறைக்க மாட்ட.

பார்சல் வேட்டைக்கு மொத நாள் சாயந்திரம்தான் வந்துச்சாம். மேல மண்ணு கலரப் பாத்து ஒரு நிமிஷம் தெகச்சுட்டு, உள்ள காவியப் பாத்ததும் கைதட்டிச் சிரிச்சியாம். பாய் மூளையப் பாத்தியா சங்கவி, ரெண்டு பக்கமும் போட்டுக்கிற மாதிரி தெச்சிருக்கார்னு சொன்னியாம். காலையில உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டுக்கிட்டுப் போயிருக்க. முசே ழெரார் தொட்டுப் பாத்துட்டு, இது மின்னற துணி இல்லையே, சரி இன்னிக்கு ஒரு நாளைக்குப் போவட்டும், அடுத்த வாரம் நல்லதா ஒண்ணு வாங்கிடுன்னு சொல்லியிருக்கார். நீ வந்த சந்தோஷத்துல விட்டுட்டார். அவர் நிக்கற எடத்துக்குப் பக்கத்துலயே உன்ன நிறுத்திக்கிட்டார்.

ரெண்டு மணி நேரம் மழை பேஞ்சுதாம். அந்தக் காவித் துணி தண்ணி பட்டா சாயம் விடும் கலை. எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் தனி பக்கெட்டுல ஊறவெச்சுத் தொவைக்கிறவ நான்தானே. நனைஞ்சா ஈர மண்ணு மாதிரி ஆயிடும். என் கைக்குத் தெரிஞ்சது என் புத்திக்கு எட்டல. உள்பக்கம்தானே, எங்க நனையப் போவுதுன்னு இருந்துட்டேன்.

கீழ விழுந்த கையுறைய எடுக்க நீ குனிஞ்சிருக்க. பொதருக்கு நடுவுல தாழ்வா, மண்ணு நெறத்துல ஒண்ணு அசையறத அவர் பாத்திருக்கார். சுட்டுட்டார்.

குண்டு மரத்துல பட்டு, சிராய் தெறிச்சு உன் காதக் கிழிச்சுதாம், நாலு தையலாம். இந்த வரிய எழுதறதுக்குள்ள ரெண்டு தடவ எழுந்து போயி தண்ணி குடிச்சேன். ஒரு சாண் தள்ளியிருந்தா நான் யாருக்குக் கடுதாசி எழுதுவேன். உன்ன ஆறு வயசுலேருந்து சோறு போட்டு வளத்த கை இது. உங்கம்மா போனதும் உங்கப்பா பட்டாளத்துலேருந்து லீவுல வந்து உன்ன எங்கிட்ட விட்டுட்டு, பச்சை, இவன் உன் பொறுப்புன்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டுப் போனார். மேல அவர் மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பேன்.

முசே ழெரார் துப்பாக்கியத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்து சேத்துல உக்காந்து உன் தலைய மடியில வெச்சுக்கிட்டு அழுதாராம். அன்னியோட துப்பாக்கிய அலமாரியில பூட்டி சாவிய மகன்கிட்ட குடுத்துட்டாராம். நீ போயிக் கதவத் தட்டினா தொறக்கறதில்லையாம். மத்தவங்க உன்ன, சரியான துணி இல்லாம வந்து ஒரு பெரிய மனுசன கொலைகாரனாக்கப் பாத்தியே, இந்த வருஷம் இந்தப் பக்கமே வராதன்னு சொல்லிட்டாங்களாம். நீ மறுபடியும் திரைய இழுத்துவிட்டுட்டு உக்காந்துட்டியாம். உன்னத் தேடி வந்து கதவத் தட்டின ஒரே மனுசன நான் ஒரு முழத் துணியால பிரிச்சு வெச்சிட்டேன்.

இன்னொண்ணும் சொல்லிட்றேன். கோட்டக் காய வெக்கும்போது உள்ளோரத்துல என்னமோ தட்டுப்பட, சங்கவி பிரிச்சுப் பாத்திருக்கா. விபூதி கரைஞ்சு களியாயிடுச்சாம், தாளு மட்டும் பொழைச்சிருக்குது. நான் படிச்சிட்டேன் அத்தை, அவருக்கு இன்னும் காட்டலன்னு சொன்னா. நானே சொல்லிட்றேன். முருகா, எங்க கலை கையால ஒரு உசுரும் போவக் கூடாதுன்னு எழுதியிருந்தேன். அத அவரு நெறவேத்திட்டாரு. அன்னிக்கு உன் கையால ஒரு உசுரும் போவல. உன் உசுரையும் பாத்துக்கன்னு ஒரு வரி சேத்து எழுத எனக்குத் தோணல பாரு.

சங்கவி பேசின அன்னிக்கே மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சக்கரை மாத்திரைய முழுங்கிட்டு வாசல்ல வந்து உக்காந்தார். அப்பறம், வள்ளிய பாக்க உன் முருகன் எந்த வேஷத்துல போனாரு பச்சைன்னு கேட்டார். வேடன் வேஷத்துலன்னு சொன்னேன். அவருக்கே ஆவுது, உனக்கு ஏன் ஆவலன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டார். சஷ்டிக்கு சஷ்டி நான் படிக்கிற கதைதான். அதுல அந்த எடம் வரும்போது கண்ணுல தண்ணி வரும் எனக்கு. ஒரு நாளும் இப்பிடி யோசிச்சதில்ல.

பாய் கடைக்குப் போகத்தான் கால் வரல. ரெட்டியார்பாளையம் பஸ்ல ஏறிட்டு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கித் திரும்பிடலாமான்னு நின்னேன். போயி நின்னதும், வாங்கம்மா, பிரான்ஸ்லேருந்து அடுத்த ஆர்டரான்னு சிரிச்சாரு. சொன்னேன். மெஷின நிறுத்திட்டாரு. அவரு சம்சாரம் கனீஸ் பாத்திமா டீ கொண்டாந்து வெச்சிட்டு, கேட்டுட்டு, வாயில முந்தானைய வெச்சுக்கிட்டு நின்னுது. பாய் சொன்னாரு, எங்கிட்ட பொய் சொன்னீங்க, அது போவட்டும்மா. அந்தப் புள்ள சொல்லாத வார்த்தைய அது சொன்னதாச் சொன்னீங்களே. நான் வெட்டின துணிதானே அது, எனக்கும் இதுல பங்கு இருக்குதில்லன்னு. தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னேன். டீ ஆறிப்போச்சு. பாய் டேப்ப எடுத்து கழுத்துல போட்டுக்கிட்டு, எத்தனைன்னு கேட்டாரு. ரெண்டு பாய், உங்க கையாலன்னு சொன்னேன்.

அதுதான் இந்த ரெண்டும். ரோட்டுக்காரங்க துணிதான், நீ கேட்டதுதான். மூணு நாள் பக்கெட்டுல ஊறவெச்சேன். மாமாவோட வெள்ளை வேட்டியில போட்டுத் தேச்சேன். ஒரு பொட்டு சாயம் ஒட்டல. உள்ளயும் வெளியயும் தையல் தையலா நானே விரல விட்டுத் தடவிப் பாத்துட்டேன். ஒரு எடத்துலயும் தாளு கீளு ஒண்ணும் வெக்கல, சத்தியம்.

அதோட மனசு ஆறல. மழை தூறிட்டு இருந்த ஒரு சாயங்காலம், மாமாவ வாசல்ல நிக்க வெச்சிட்டு, பாய் வெட்டினது போவ மிச்சம் இருந்த காவித் துணிய நனைச்சுப் போத்திக்கிட்டு வில்லியனூர் ரோட்டுல நடந்தேன். எதுவரைக்கும் தெரியறேன்னு பாத்து சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா, மூணாவது கரண்டு கம்பத்துலயே நீ காணாமப் போயிட்ட பச்சைன்னார். அப்பறம் இந்த ஆரஞ்சுக் கோட்ட சேலைக்கு மேல போட்டுக்கிட்டு நடந்தேன். ஆட்டோக்கார இராமதாஸ் வண்டிய நிறுத்தி, ஏன் அத்தை, ரோட்டு வேலையில எப்ப சேந்தீங்க, எங்க தெருப் பள்ளத்தையும் கொஞ்சம் மூடுங்கன்னு கேலி பண்ணான். எதிர்வீட்டு ஆயம்மாவும் வாசலுக்கு வந்து பாத்துது. பாக்கட்டும். வெக்கப்பட வேண்டியது இதுக்கில்ல. பெட்ரோல் பங்க் திருப்பம் வரைக்கும் போனேன். அங்க நின்னு திரும்பிப் பாத்தா, உங்க மாமா கொடைய ஆட்டிக்கிட்டே இருக்கார். எனக்குத்தான் அவர் சரியாத் தெரியல. நான் அவருக்குத் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தேனாம்.

வரும்போது அந்த மூணாவது கம்பத்துக்கிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். இவ்ளோ தூரத்துக்குத்தான் தெரியற மாதிரி நான் உன்ன அனுப்பி வெச்சேன்னு தோணுச்சு.

மான் செத்தா எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கும் கலை. அத நான் முருகன்கிட்ட தனியாப் பேசிக்கிறேன். உன் துணியில ஒளிச்சு வெச்சுப் பேச மாட்டேன்.

ஒரே ஒரு வேலை உனக்கு. கூட இருக்கிற இன்னொரு தாளு முசே ழெராருக்கு. பிரெஞ்சுல அவருக்குப் படிச்சுக் காட்டு. அத்தை வயசானவ, தெரியாம செஞ்சுட்டான்னு நடுவுல ஒரு வார்த்தை சேக்காத. தெரிஞ்சுதான் செஞ்சேன். அவர் கதவத் தொறக்கலன்னா கதவுக்கு வெளிய நின்னே படி. காதுல விழும். மத்தவங்க முன்னாடியும் படிக்கணும்னா படி, எனக்கு ஆட்சேபணை இல்ல.

சங்கவிகிட்ட நான் அப்பறம் பேசறேன். அவ குரலக் கேக்க இன்னும் தைரியம் வரல. காதுத் தையல்ல தண்ணி படாம பாத்துக்க. பார்சல்ல மொளகாப் பொடியும் அப்பளமும் வெச்சிருக்கேன், குழந்தைக்கு எள்ளுருண்டை.

என்ன மன்னிச்சிடுன்னு உங்கிட்ட கேக்கற வயசும் மொறையும் எனக்கில்ல, ஆனா கேக்கறேன்.

நூறு வயசு இருந்து நீ எல்லார் கண்ணுக்கும் நெறைவா இருக்கணும்னு வேண்டிக்கிற,
உன் அத்தை
பச்சையம்மாள்

*

மதிப்புக்குரிய முசே ழெரார் ஐயா அவர்களுக்கு, கலைச்செல்வனின் அத்தை பச்சையம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது.

என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தவறாகப் பார்த்த துணியைக் கொடுத்து அனுப்பியவள் நான்தான். பையன் ஆரஞ்சு வேண்டும் என்று இரண்டு முறை சொன்னான். நான் என் சாமிக்குப் பயந்து அதை மாற்றினேன். தையல்காரரிடம் பொய் சொன்னேன், பையனிடமும் பொய் சொன்னேன். தண்ணீர் பட்டால் சாயம் போகும் துணி என்று எனக்குத் தெரியும். உங்கள் கண் மேல் தப்பில்லை, பையன் மேலும் தப்பில்லை.

எங்கள் அண்ணன் உங்கள் தேசத்துப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வார்த்தைகளில் நினைவில் இருப்பது நாலைந்துதான். அதில் ஒன்று மன்னிப்புக் கேட்கும் வார்த்தை, பர்தோன். ஐயா, பர்தோன்.

இரண்டு வருஷமாக இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையை நீங்கள்தான் கதவைத் தட்டி வெளியே கூப்பிட்டீர்கள். பெற்றவர்கள் இல்லாத பிள்ளை. நாங்கள் ரொம்ப தூரத்தில் இருக்கிறோம், எங்களால் வந்து தட்ட முடியாது. இப்போது அவன் வந்து உங்கள் கதவைத் தட்டுகிறான். தயவுசெய்து திறவுங்கள்.

மான் வேட்டை வேண்டாம் என்று ஆறு வருஷமாகச் சாமிக்குக் காவடி எடுத்தவள் நான். அந்த நானே கேட்கிறேன். மகனிடம் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போங்கள். முன்போலவே உங்களுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இரண்டு கோட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு. நானே போட்டுக்கொண்டு மழையில் நடந்து பார்த்துவிட்டேன். இந்தத் தடவை அவன் உங்களுக்குத் தெரிவான் ஐயா.

இப்படிக்கு,
பச்சையம்மாள்